மொசளெயை நான் விடவில்லை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

குரூப்பில் நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தேன். மூன்று சாமான்களை ஒரு துண்டின் மேல் வரிசையாக வைத்துப் படம் பிடித்து, "அக்கா, தனியாகப் பாறை ஏறும்போது கயிற்றைப் பிடித்துக்கொள்ள இதில் எது நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழேயே ஒருத்தர், "செல்வியக்காவிடம் கேட்டால் எதுவும் வேண்டாம், வீட்டிலேயே இரு என்பார்" என்று எழுதிச் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார். யார் என்று எனக்குத் தெரியும். தம்பி, அந்தப் பொம்மையை அழிக்க வேண்டாம். இருக்கட்டும். கடைசியில் உங்களிடம் வருகிறேன்.

பதிலை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் கடைக்குப் போய் வாங்கிவிடுவீர்கள். வாங்கியது சரியான சாமானாகவே இருந்தாலும், எதற்காக வாங்கினோம் என்று தெரியாமல் மாட்டிக்கொண்டு ஏறுவீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். கௌதள்ளியில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். மைசூருக்கு வந்து கொஞ்ச நாள் கார்மெண்ட்ஸில் இருந்தேன். பிறகு பாண்டவபுரம் ரோட்டில் ஒரு பாறையேற்றக் கேம்பில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தேன். பாத்திரத்திலிருந்து கயிறு துவைக்கிற வேலைக்கு மாறினேன், அங்கிருந்து கயிற்றில் ஏறுகிற வேலைக்கு. முட்டி தேய்ந்து ஓய்கிற வரைக்கும் அங்கேதான்.

அப்புறம், நான் பயந்தவள். இதை யாரும் ரகசியமாகச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டகள்ளி ஸ்டாப்பில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்து, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தவள் நான். ஒரு தடவை இல்லை, பல தடவை. மூடித்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் மூடித்தான் இருந்திருக்கிறது. நாளைக்குச் சந்தேகம் வந்தால் நாளைக்கும் இறங்குவேன். கண்டக்டர் சிரித்தால் சிரிக்கட்டும். வீடு என்னுடையது.

பாறை வேலையில் பயந்தவர்களுக்கு என்ன இடம் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். நேராகக் கேட்டவர்களும் உண்டு, வேறு மாதிரி கேட்டவர்களும் உண்டு. இந்த வயதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேம்பில் பயமில்லாதவர்களை நான்தான் பொறுத்துக்கொண்டு வேலை பார்த்தேன். அவர்கள் என்னைப் பொறுத்துக்கொண்டதாக நினைக்காதீர்கள்.

சனிக்கிழமை ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அவர்கள் பாறையில் கை வைப்பதற்கு முன்னால், எங்களில் ஒருவர் தனியாக எல்லா வழியிலும் ஏறிப் பார்த்துவிட வேண்டும். ராத்திரி மழையில் பெயர்ந்த பாறைப் பொருக்கு, பாறையில் அடித்ததில் ஆடுகிற போல்ட், இடுக்கில் புதிதாகக் கட்டிய குளவிக்கூடு இருக்கிறதா என்று. மற்றவர்கள் கேட்டில், கிச்சனில், ஹெல்மெட் துடைக்கிற இடத்தில் இருப்பார்கள். கீழே நின்று நமக்குக் கயிறு பிடிக்க ஆள் கிடையாது. சுற்றுவழியில் மேலே நடந்துபோய்க் கயிற்றை உச்சியில் கட்டித் தொங்கவிட்டு, கீழே வந்து, அந்தக் கயிற்றில் ஒரு சாமானை மாட்டி, அதை இடுப்பில் கட்டுகிற ஹார்னஸ் வாரோடு சேர்த்துக்கொண்டு ஏற வேண்டும். நாம் ஏற ஏற அதுவும் கயிற்றில் வழுக்கிக்கொண்டு கூட வரும். கால் தவறினால் கயிற்றைக் கவ்வி நம்மை நிறுத்தும். அது ஒன்றுதான் கூட்டாளி.

அது ஒன்றை மட்டும் நம்பக் கூடாது, ஏறும்போது அங்கங்கே நின்று கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு அதையும் இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை. உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை விடாதீர்கள். ஆனால் பஸ் கேட்டுக்குள் நுழைகிற சத்தம் கேட்டதும் முதலில் காணாமல் போவது எது தெரியுமா? அந்த முடிச்சுத்தான். அதனால்தான் சாமானைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

எங்களிடம் முதலில் இருந்தது பழைய வகை. உள்ளே பல் வைத்தது, கனம். கன்னடத்தில் முதலைக்கு மொசளெ என்பார்கள். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் அதுதான். மொசளெ கயிற்றில் லேசில் ஓடாது. கயிற்றின் கீழ்நுனியில் மண் நிரப்பிய பையைத் தொங்கவிட்டால்தான் நம்மோடு வரும். இறங்க வேண்டுமென்றால் வேறு சாமானுக்கு மாற்றிக்கொண்டுதான் இறங்க முடியும். ஏறுகிற நேரம் முழுக்க அதைத் திட்டிக்கொண்டே ஏறுவோம்.

பிறகு புது மேனேஜர் வந்தார். நல்ல மனுஷன், பெரிய மலையெல்லாம் ஏறியவர், எங்களை வா போ என்று பேசாதவர். வரும்போதே புது வகைச் சாமான் கொண்டுவந்தார். சின்னது, கையில் வைத்தால் கனமே தெரியாது. கயிற்றில் அப்படி ஓடும், மாட்டியிருக்கிறோமா இல்லையா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். பல் கிடையாது, அதனால் கயிற்றுக்கும் சேதமில்லை. எங்கள் மாதேசன் ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு அதற்கு முத்தம் கொடுத்தான்.

மாதேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமாபுரத்துப் பையன், என் ஊருக்குப் பக்கம். கேம்பில் அவனைப்போல ஏற ஆள் இல்லை. பல்லி மாதிரி என்பார்கள், பல்லி கூட நடுவில் நின்று யோசிக்கும். எனக்குத் தம்பி மாதிரி. சண்டை போடாத நாள் இல்லை.

நானும் அந்தப் புதுசை மாட்டிப் பார்த்தேன். கீழே மெத்தை போட்டு, ஆள் உயரம்கூட ஏறவில்லை, கால் வழுக்கியது. அடுத்து என்ன நடந்தது என்று நான் நினைத்துப் பார்த்து முடிப்பதற்குள் மெத்தையில் கிடந்தேன். சாமான் கயிற்றைக் கவ்வவில்லை. ஏனென்றால் விழுகிற அந்த நொடியில் என் கை தானாகப் போய்ச் சாமானையே இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதன் உடம்பைக் கையால் பிடித்தால் அது கவ்வாது. பிடியை விடுகிற வரைக்கும் கயிற்றில் வழுக்கிக்கொண்டே வரும்.

"அக்கா, அதப் புடிக்கக் கூடாது. கூட வந்த காயிதத்துலயே போட்டிருக்குது" என்றான் மாதேசன்.

"நான் புடிக்கலடா. கை புடிச்சுது."

"கை யாரோடது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மெத்தையில் கிடந்தபடியே மொசளெயை நினைத்தேன். அதைப் பிடித்தாலும் கவ்வும், பிடிக்காவிட்டாலும் கவ்வும், அலறினாலும் கவ்வும். அதற்கு நம் தயவு தேவையில்லை.

இதை மேனேஜரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பழகினால் கை போகாது என்றார். நான் பழகிப் பார்த்தேன். எப்போது விழப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்து விழுந்தபோது கை போகவில்லை. தெரியாமல் விழுந்தபோது போனது. பாறையில் யாரும் நமக்குத் தெரிவித்துவிட்டு விழவைப்பதில்லை.

ஒரு காலை எல்லோரையும் கூப்பிட்டு மேனேஜர் சொல்லிவிட்டார். இனி எல்லோருக்கும் ஒரே சாமான், புதுசு. மொசளெ எல்லாம் சாக்கில் கட்டி ஸ்டோருக்கு. பஸ் வருவதற்குள் எல்லா வழியும் பார்த்து முடிக்க வேண்டும், மொசளெயை வைத்துக்கொண்டு அது முடியவில்லை.

"நான் மாத்திக்க மாட்டேன் சார்" என்றேன்.

"செல்வி, எல்லாருக்கும் ஒரே ரூல். உங்களுக்கு மட்டும் வேற வைக்க முடியாது. இதுல ஏற முடியாதுன்னா, கிச்சன்ல ஆள் வேணும்தான்."

"கிச்சனுக்கே போறேன் சார். அங்கிருந்து வந்தவதான். ஆனா பாறைக்கு அனுப்பினீங்கன்னா மொசளெயோடதான் போவேன்."

"பயமா இருக்குன்னா அதைச் சொல்லுங்க, அதுல தப்பில்லை."

"பயமாத்தான் சார் இருக்குது. பயந்தா என் கை என்ன பண்ணும்னு எனக்குத் தெரியுது. இங்க மத்தவங்களுக்கு அவங்க கை என்ன பண்ணும்னு தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

அதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "அப்படின்னா பாத்துரலாம்" என்றார்.

பார்த்தோம். கேம்பில் பிள்ளைகள் ஏறிப் பழகுகிற சின்னச் சுவர் ஒன்று உண்டு. கீழே மெத்தைகளை இரட்டையாகப் போட்டு, ஒவ்வொருவரும் புதுசை மாட்டிக்கொண்டு மெத்தைக்குச் சற்று மேலே சுவரைப் பிடித்து நிற்க வேண்டும். நான் பின்னால் நின்று பேச்சுக் கொடுப்பேன். என்ன சாப்பிட்டாய், சம்பளத்தில் என்ன வாங்கினாய், மாமியார் வந்தாரா. பேசிக்கொண்டிருக்கும்போதே எப்போதாவது பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிடுவேன். கை எங்கே போகிறது என்று மற்றவர்கள் பார்ப்பார்கள்.

அன்றைக்குக் கிடைத்த வேடிக்கை வேறு எந்த நாளும் கிடைத்ததில்லை. பெரிய பேச்சுப் பேசியவர்கள் எல்லாம் பொத்துப் பொத்தென்று மெத்தையில் விழுந்தார்கள், சாமானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. மேனேஜரும் நின்றார். அவருடைய நாயைப் பற்றி விசாரித்துக்கொண்டே இழுத்தேன். கை போயே போய்விட்டது. மெத்தையில் மல்லாந்து கிடந்தபடி தன் கையைத் தூக்கிப் பார்த்து, "அட, போயிருச்சே!" என்றார்.

மாதேசன் மட்டும் விழவில்லை. எத்தனை தடவை இழுத்தும், எந்தப் பேச்சில் இழுத்தும், அவன் இரண்டு கையும் பறவை மாதிரி விரிந்தன. சாமான் டக்கென்று கவ்வி, அவன் தொங்கிக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"இன்னும் இழுக்கறயாக்கா? சாயந்தரம் வரைக்கும் தொங்கறேன், எனக்கென்ன."

மேனேஜர் தீர்ப்புச் சொன்னார். கை போகாதவர்கள் புதுசில் ஏறலாம், கை போகிறவர்கள் மொசளெயில். ஆளுக்கொன்று எடுத்தது போக மீதி மொசளெகள் ஸ்டோரில் சாக்கிலேயே கிடந்தன. நியாயமாகத்தான் பட்டது. எனக்கு வேலை தங்கியது. ஆனால் அன்றிலிருந்து கேம்பில் இரண்டு ஜாதி ஆகிவிட்டது. ஏறத் தெரிந்தவன் மாதேசன், மற்றவர்கள் மொசளெக் கூட்டம். மற்றவர்கள் வெட்கப்பட்டு, பிள்ளைகள் வருவதற்கு முன் மொசளெயைப் பைக்குள் மறைத்துக்கொண்டார்கள். நான் இடுப்பில் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு நடந்தேன். என் டிபன் டப்பாவின் மூடியில் யாரோ மார்க்கரால் முதலைப் படம் வரைந்துவைத்தார்கள். வால் சரியாக வரவில்லை. அதே மார்க்கரை வாங்கி நானே சரியாக வரைந்துகொண்டேன். அந்த டப்பா இன்னும் என்னிடம் இருக்கிறது.

மாதேசன் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், அவன் சொன்னதில் பொய் இல்லை. கயிறு தளர்ந்து கிடக்கும்போது விழுந்தால் மொசளெயின் பல் கயிற்றின் தோலைக் கிழித்துவிடும் என்பான். உண்மை. தளர விடாமல் ஏற வேண்டும். அது அடிக்கடி மாட்டிக்கொள்கிறது, மாட்டும்போது ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு அதை உதற வேண்டியிருக்கிறது, அதிலேயே கை ஓய்ந்துபோகிறது என்பான். அதுவும் உண்மை. கடையில் இருக்கிற எந்தச் சாமானிலும் ஒரு கெடுதல் இருக்கும். எந்தக் கெடுதலை நம் கண்ணால் முன்கூட்டிப் பார்க்க முடியும், எது நம்மைக் கேட்காமல் வரும் என்பதுதான் என் கேள்வி. கயிறு தளர்வது கண்ணுக்குத் தெரியும். கை போவது போன பிறகுதான் தெரியும்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை.

மாதேசனுக்குக் கல்யாணமாகி முதல் பிரசவம். மனைவியைக் கொள்ளேகாலில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், இன்றைக்கோ நாளைக்கோ என்று. அன்றைக்குப் பாறை பார்க்கிற முறை அவனுடையது. லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், அவன் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்தும் விடியாமலும் பஸ் பிடித்து வந்து நின்றான். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. எனக்கு அந்த வாரம் முட்டி வீங்கி மடக்க முடியவில்லை. இல்லாவிட்டால் நானே ஏறியிருப்பேன், இந்தக் கதையும் இருந்திருக்காது.

பஸ் தாமதமானதில் அவன் வந்தபோதே நேரம் போய்விட்டது. அவன் ஹார்னஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகளின் பஸ்கள் கேட்டுக்குள் வந்துவிட்டன. உச்சியில் கயிறு முதல் நாளே கட்டியாகிவிட்டது, தொங்கிக்கொண்டிருந்தது. அவன் புதுசை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு பேசினான். நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை, அவன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பேண்ட் பாக்கெட்டுக்குப் போனது, போனைத் தொட்டுப் பார்த்தது, திரும்பி வந்தது. ஷூவின் கயிற்றைக் கட்டப் பாதி குனிந்தான், கை மறுபடி பாக்கெட்டுக்குப் போனது. ஹெல்மெட்டை எடுத்தான், மறுபடி போனது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

"மாதேசா, இன்னிக்கு மொசளெயில போ."

"ஏனு?" என்றான் கன்னடத்தில். எரிச்சல் வந்தால் அவனுக்குக் கன்னடம்தான் வரும். "எதுக்காம்? நான் பாஸான ஆளு."

"நீ மேல போயிக் கயித்த மாத்திக் கட்டு, நான் கீழ நின்னு புடிக்கறேன். இல்லாட்டி மொசளெயில போ. ரெண்டுல ஒண்ணு."

"மேல நடந்து போயிட்டு வாறதுக்குள்ள புள்ளைங்க தூங்கிப்போடும். தள்ளுக்கா."

நான் தள்ளவில்லை. என் இடுப்பில் இருந்த மொசளெயைத் தொங்குகிற கயிற்றில் மாட்டினேன். அது என் ஹார்னஸோடு சேர்ந்திருந்தது. அப்படியே பாறையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். இப்போது அந்தக் கயிற்றில் நான் இருந்தேன்.

"கயிறு வேணும்னா என்னைக் கழட்டிப்போட்டு எடுத்துக்கோ" என்றேன்.

அவன் முகம் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். பிள்ளைகள் பின்னால் வரிசையாக, கழுத்தில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு. அவர்களோடு வந்த டீச்சர் "ஏனாயித்து, ஏனாயித்து?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன ஆயிற்று என்று எங்களைக் கேட்டபடியே பிள்ளைகளைப் பின்னால் தள்ளி நிறுத்தினார்.

"செல்வி, இது ரொம்ப அதிகம். அவன் கை போகாதுன்னு நீங்கதானே இழுத்துப் பாத்தீங்க? நான் வெச்ச ரூலை நீங்களே ஒத்துக்கிட்டீங்க இல்ல?"

"ஒத்துக்கிட்டேன் சார். அது அன்னிக்கு இருந்த கைக்கு."

"குழந்தைங்க முன்னாடி என்னைப் பேச வைக்காதீங்க. இப்ப நகரலைன்னா நீங்க திங்கட்கிழமை வர வேண்டியதில்லை."

முட்டி விண்விண் என்று தெறித்தது. அந்தச் சம்பளம் போனால் என் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கேஸை மூடினேனா என்று பஸ்ஸிலிருந்து இறங்குகிறவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? அந்தப் பயத்தையும் பார்த்தேன், இந்தப் பயத்தையும் பார்த்தேன். இது பெரிதாக இருந்தது.

"சரிங்க சார், வரல. இவன் மொசளெயில ஏறி எறங்கின பொறகு நான் கெளம்பிர்றேன். அதுக்கு முன்னால நகர மாட்டேன்."

மாதேசன் கத்தினான். "ஒரே ஒரு தடவ என் கை போயிருக்குதா? சொல்லு! அத்தன பேரு முன்னால இழுத்தியே, ஒரு தடவ?"

"அன்னிக்குப் போகல. ஒத்துக்கறேன். இப்ப உன் கை எங்க இருக்குது, பாரு."

அவன் குனிந்து பார்த்தான். கை பாக்கெட்டில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. சண்டையின் நடுவில் அது எப்போது அங்கே போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி அதை ஹெல்மெட்டின் மேல் வைத்தான்.

"போன் வந்தா எடுக்க வேண்டாமா அக்கா?" என்றான். அது கத்தல் இல்லை. ராமாபுரத்துப் பையன் கேட்கிற மாதிரி கேட்டான்.

"எங்கிட்டக் குடு. வந்தா நான் எடுக்கறேன். பொண்ணா பையனான்னு கீழ இருந்து கத்தறேன், கொள்ளேகாலுக்கே கேக்கும்."

கொடுத்தான். நான் மொசளெயைக் கழற்றி அவன் இடுப்பில் மாட்டினேன், பூட்டுத் திருகி, இழுத்துப் பார்த்தேன், மறுபடி இழுத்துப் பார்த்தேன். மேனேஜர் திரும்பிப் பிள்ளைகளைச் சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

அவன் ஏறினான். மண் பையைக் கட்டவில்லை என்று பாதி உயரத்தில்தான் எனக்கே ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் நானே கீழே கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மொசளெ மாட்டிக்கொண்ட இடமெல்லாம் அவன் என்னைத் திட்டியது கீழே தெளிவாகக் கேட்டது. ஒரு போல்ட்டை ஆட்டிப் பார்த்தான். ஒரு பொருக்கைப் பெயர்த்துக் கீழே ஆள் இல்லாத பக்கமாக எறிந்தான். அங்கங்கே நின்று முடிச்சும் போட்டான், திட்டிக்கொண்டேதான், ஆனால் போட்டான். உச்சிக்குப் போனான். சாமான் மாற்றினான், இறங்கினான்.

கால் வழுக்கவில்லை. குளவி வரவில்லை. போனும் வரவில்லை.

கீழே வந்து மொசளெயைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல."

"ஆமாடா" என்றேன். "ஒண்ணும் ஆகல."

பெண் குழந்தை மத்தியானத்துக்கு மேல் பிறந்தது. நான் கத்தினேன், பாறையில் இருந்த பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்கள்.

சாயந்தரம் பஸ்கள் போன பிறகு தொட்டியில் கயிற்றை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். என் பையையும் டப்பாவையும் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தேன். மேனேஜர் வந்து தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னது சரின்னு நான் ஒத்துக்கிட்டதா நினைக்காதீங்க" என்றார்.

"நினைக்கல சார்."

"ஒண்ணுமே நடக்கலையே. அவன் புதுசுல போயிருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது."

"இருக்கலாம் சார்."

தொட்டியில் மிதந்த கயிற்று நுனியைத் தண்ணீருக்குள் அமுக்கினார். "திங்கட்கிழமை ஸ்டோர்ல இருக்கற அந்தச் சாக்கை அவுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். திங்கட்கிழமை போனேன், சாக்கை அவிழ்த்தேன். மாதேசனுக்கும் அதில் ஒன்று இருந்தது.

பிள்ளைகளே, இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் யாராவது ஒருவரை விழவைப்பார்கள். புதுசில் ஏறிய ஒருவன் விழுந்தான், அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது என்று. எங்கள் கேம்பில் அப்படி யாரும் விழவில்லை. மாதேசன் இன்றைக்கும் ஒத்துக்கொள்வதில்லை. அவன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் காது குத்தில் கூட, பந்தியில் எல்லோரையும் வைத்துக்கொண்டு, "இந்த அக்கா சும்மா ரெண்டு பஸ்ஸ நிறுத்தி வெச்சுது" என்று சொல்லிச் சிரிக்கவைத்தான். என்னிடம் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. விழுந்து பிழைத்தவர்களுக்குக் காட்டத் தழும்பு இருக்கிறது. எனக்குக் காட்ட என்ன இருக்கிறது? பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டு என்னைக் கிண்டல் பண்ணுகிற ஒருத்தன் இருக்கிறான். எனக்கு அது போதும். நான் சொன்னது சரி என்று நிரூபிப்பதற்காக ஒருத்தன் விழ வேண்டும் என்றால், நான் தப்பாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். மூன்றில் எது என்று கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேலை பார்க்கிற சுவருக்கு வருகிறேன். முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு வருவேன், மெதுவாகத்தான் வருவேன். மூன்றையும் எடுத்து வையுங்கள், மெத்தையை இரட்டையாகப் போடுங்கள். ஒவ்வொருவராக நில்லுங்கள், நான் பேச்சுக் கொடுப்பேன். எப்போது இழுப்பேன் என்று சொல்ல மாட்டேன். கை எங்கே போகிறது என்று மற்றவர்கள் பார்க்கட்டும். பிறகு உங்களுக்குள்ளேயே இழுத்துப் பாருங்கள், நன்றாகத் தூங்கி வந்த நாளில் ஒரு தடவை, தூங்காமல் வந்த நாளில் ஒரு தடவை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் இன்னொரு தடவை. அந்த மூன்று நாளில் மோசமான நாளின் கை எதுவோ, அந்தக் கைக்கு ஏற்ற சாமானை வாங்குங்கள். உங்கள் நல்ல நாளுக்குச் சாமானே தேவையில்லை.

சிரிக்கிற பொம்மை போட்ட தம்பி முதலில் நிற்கட்டும்.

சாயந்தரம் வீட்டுக்குப் போனால், இன்றைக்கு வேலையில் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். ஒண்ணும் ஆகல என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.